பச்சை மக்காச்சோளக் கதிரில் உமீத்தா: தீவனத்துக்குப் போகும் முன் பத்துக் கதிர் வீட்டுக்கு

மக்காச்சோளம் நம் ஊரில் விற்பனைப் பயிர். பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், சேலம், தூத்துக்குடி என்று எங்கே விளைந்தாலும் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே போகிறது. விதைத்து, களை எடுத்து, படைப்புழுவோடு மல்லுக்கட்டி அறுவடை செய்த வீட்டில் அந்த மக்காச்சோளம் சமையலறைக்குள் வருவது அபூர்வம். வந்தாலும் இரண்டு கதிரைச் சுட்டுத் தின்பதோடு சரி.

இந்தப் பயிர் பிறந்த அமெரிக்கக் கண்டத்தில் நிலைமை வேறு. அங்கே காய்ந்த மணிக்கு ஒரு சமையல், பச்சைக் கதிருக்குத் தனி சமையல் உண்டு. பச்சைக் கதிருக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆண்டிஸ் மலை நாடுகளில் 'சோக்ளோ', மெக்சிகோவில் 'எலோத்தே', பிரேசிலில் 'மில்யு வெர்தி'. நம் சோளமும் அவர்கள் சோக்ளோவும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவு எதுவும் இல்லை; அது கெச்சுவா மொழிச் சொல்.

அந்தப் பச்சைக் கதிரை அரைத்து, அதே கதிரின் தோலில் பொட்டலமாகக் கட்டி, ஆவியில் வேகவைக்கும் பண்டம்தான் 'உமீத்தா'. எக்வடோர், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களில் இன்றும் வீட்டு அடுப்பில் வேகிறது. நம் உமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பனை ஓலைக் கொழுக்கட்டை, பூவரசு இலைக் கொழுக்கட்டை செய்தவர்களுக்கு இதன் செய்முறை பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். ஒரே வேறுபாடு, இதில் மாவும் இலையும் ஒரே கதிரிலிருந்து வருகின்றன.

இந்தக் கட்டுரையில் செய்முறையோடு, எந்த நாளில் கதிரைப் பறிப்பது, மருந்து தெளித்த வயலில் எப்போது பறிக்கக் கூடாது என்ற இரண்டையும் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். சமையலில் நேரும் தவறு ஒருவேளைச் சாப்பாட்டைத்தான் கெடுக்கும். வயலில் நேரும் தவறு உடம்பைக் கெடுக்கும்.

பழைய பண்டம்

மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் 'தியோசின்தே' என்ற காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் பயிராக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே ஆண்டிஸ் மலைகளுக்குப் பரவியது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இந்தப் பொட்டலம் இருந்திருக்கிறது. தாய்வழியில் இன்கா அரச குடும்பத்தைச் சேர்ந்த கார்சிலாசோ தெ ல வேகா 1609-ல் வெளிவந்த தம் நூலில் மக்காச்சோள அப்ப வகைகளைப் பிரித்துச் சொல்லும்போது, 'உமிந்தா' என்பது விருந்துக்கும் விசேஷத்துக்கும் செய்யப்பட்டது என்று குறித்திருக்கிறார். பொலிவியாவில் இன்றும் அந்தப் பழைய பெயரே வழங்குகிறது.

நாட்டுக்கு நாடு பக்குவம் மாறுகிறது. சிலியில் வெங்காயம், கொழுப்பு, 'அல்பஹாக்கா' என்ற வாசனை இலை சேர்த்து அரைத்து, இரண்டு தோல்களில் மடித்து, நடுவில் இடுப்புக்கயிறு போல ஒரு கட்டுப் போடுவார்கள். தக்காளி வெங்காயப் பச்சடியோடு உண்பவர்களும் உண்டு. மேலே சர்க்கரை தூவி உண்பவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகாது. எக்வடோரில் புதுப் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேரும், காப்பியோடு சாப்பிடுவார்கள். பொலிவியாவில் சோம்பும் பாலாடைக்கட்டியும் போட்டு, ஆவியில் வைப்பதோடு அடுப்பில் சுடுவதும் உண்டு. பிரேசிலில் இதே இனத்துப் பண்டத்துக்குப் 'பமோன்யா' என்று பெயர். பாலோ தேங்காய்ப் பாலோ சர்க்கரையோடு சேர்த்து, ஜூன் மாதத் திருவிழாக்களில் செய்வார்கள். மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மாநிலத்தில் 'உச்சேப்போ'. இளம் கதிர், பால், வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான்.

மெக்சிகோவின் 'தமால்' பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதையும் அதையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். தமாலுக்குக் காய்ந்த மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள். உமீத்தாவுக்குச் சுண்ணாம்பு கிடையாது, காய்ந்த மாவும் கிடையாது. பச்சை மணியின் பாலிலேயே அது இறுகி நிற்க வேண்டும். அதனால்தான் கதிரின் பருவம் முக்கியமாகிறது.

எந்த நாளில் பறிப்பது?

மக்காச்சோள மணிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கதிரின் நுனியில் பட்டு இழை, அதாவது நாம் சோள முடி என்று சொல்வது, வெளிவந்து மகரந்தம் சேர்ந்த பிறகு மணி முதலில் வெறும் தண்ணீராக இருக்கும். இலையிலிருந்து வரும் சர்க்கரை மணிக்குள் நுழைந்து நாளுக்கு நாள் மாவுச்சத்தாக மாறும். பட்டு இழை வந்து 20 நாள் அளவில் பால் பருவம். அப்போது மணியில் 80 சதவீதம் தண்ணீர். இனிப்பு அதிகம், மாவுச்சத்து குறைவு. 25 நாள் அளவில் மாவுப் பருவம். தண்ணீர் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; பால் கெட்டிப்படும். 35 நாளைத் தாண்டினால் மணியின் உச்சியில் குழி விழத் தொடங்கும். அதன் பிறகு அது தீவனத்துக்கான மணிதான்.

இந்த நாள் கணக்கு மிதமான வெயிலுக்கு உரியது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாள் முந்தலாம். மானாவாரியில் வறட்சி கண்ட பயிரில் இன்னும் முந்தும். எனவே நாளை எண்ணுவதோடு நிறுத்தாமல் நகத்தால் பார்க்க வேண்டும்.

கதிரின் தோலை நுனியில் சற்று விலக்கி, நடுப்பகுதி மணி ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். வெள்ளைப் பால் தெறித்தால் இன்னும் நான்கைந்து நாள் பொறுங்கள். கெட்டித் தயிர் போலப் பிதுங்கினால் அதுதான் பக்குவம். நகம் இறங்கியும் ஈரம் வராமல் மாவாக உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டு இழை பழுப்பாகிக் காய்ந்திருக்கும், ஆனால் தோல் பச்சையாகவே இருக்கும். தோல் பச்சையாக இருந்தால்தான் மடிக்க வரும். காய்ந்து வெளுத்த தோல் மடிக்கும்போது பிளந்துவிடும்.

இந்தப் பக்குவம் ஒரு கதிரில் நீடிப்பது ஐந்தாறு நாள்தான். கோடையில் அதுவும் குறையும். வீட்டுத் தேவைக்கென்று நினைப்பவர்கள் வரப்போரம் இரண்டு வரிசையை மட்டும் சில நாள் இடைவெளியில் பிரித்து விதைத்தால், பச்சைக் கதிர் கூடுதல் நாள் கிடைக்கும்.

இனிப்புச் சோளம் வேண்டாம்

'மணி இனிப்பாக இருக்க வேண்டுமே, ஸ்வீட் கார்ன் வாங்கலாமா?' என்று கேட்பார்கள். கூடாது என்பதே என் பதில். கடையில் கிடைக்கும் ஸ்வீட் கார்ன், சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவதைத் தடுக்கும் மரபணு கொண்டது. சாப்பிட இனிக்கும், ஆனால் வேகும்போது இறுக்குவதற்கு மாவுச்சத்து போதாது. பொட்டலத்தைப் பிரித்தால் கூழாக ஓடும். வெளிநாடு சென்று குடியேறிய ஆண்டிஸ் நாட்டவர்கள் அங்கே ஸ்வீட் கார்ன் மட்டும் கிடைப்பதால் மக்காச்சோள மாவு கலந்து ஒப்பேற்றுகிறார்கள்.

உங்கள் வயலில் நிற்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளம், தீவனத்துக்கென்று நாம் ஒதுக்கிவைத்ததுதான், சரியான நாளில் பறித்தால் இந்தப் பண்டத்துக்குக் கடைச் சோளத்தைவிடப் பொருத்தமானது. ஆண்டிஸ் ரகங்களின் மணி பெரியது, மாவுத்தன்மை மிகுந்தது, தோல் மெல்லியது. நம் ஒட்டு ரகங்களின் மணித்தோல் சற்றுத் தடிமன். அதனால் அரைப்பதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். சுவையில் இனிப்பு குறைவாக இருக்கும்; அரைத் தேக்கரண்டி சர்க்கரை அதைச் சரிசெய்துவிடும். நிறமும் மாறும். ஆண்டிஸில் வெளிர் நிறமாக வருவது நம்மிடம் நல்ல மஞ்சளாக வரும். அது குறையல்ல.

மருந்து தெளித்த வயலா?

2018-ல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்த பிறகு மருந்து படாத மக்காச்சோள வயலைக் காண்பது அரிதாகிவிட்டது. காய்ந்த மணியாக அறுவடை செய்யும்போது கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே நிறைய நாள் இருக்கும். பச்சைக் கதிரைப் பறிக்கும்போது அந்த இடைவெளி ஒரு மாதத்துக்கும் மேல் சுருங்கிவிடுகிறது. அதோடு, இந்தப் பண்டத்தில் கதிரின் தோலே பாத்திரமாகிறது. தோலில் எச்சம் இருந்தால் அது நேராக மாவில் இறங்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் அதனுடன் வரும் துண்டுச் சீட்டிலும் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்கள், அதாவது காத்திருப்புக் காலம், அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து பொடியாக இருக்கும். பிள்ளைகளை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள். எமாமெக்டின் பென்சோயேட், குளோரான்ட்ரனிலிப்ரோல், ஸ்பைனிடோரம் என ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வேறு. இரண்டு மருந்து கலந்து அடித்திருந்தால் எது அதிக நாளோ அதைக் கணக்கில் கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன கலவை, சீட்டு இல்லாத மருந்து என்றால் அந்த வயலின் பச்சைக் கதிரை உண்ண வேண்டாம்.

குருத்துப் பருவத்தில், 40 நாளுக்குள், தெளிப்பை முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பட்டு இழை 50 முதல் 55 நாளில் வந்து, மாவுப் பருவம் வர இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இடையில் ஒரு மாதமாவது கிடைக்கிறது. கதிர் பிடித்த பிறகு புழுவைக் கண்டு பதறிப்போய்த் தெளித்தவர்கள்தான் நின்று யோசிக்க வேண்டும். கதிரின் வெளித்தோலை நான்கு அடுக்கு உரித்துவிட்டால் போதும், கழுவினால் போதும் என்று சொல்வார்கள். அது எச்சத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் பயிருக்குள் ஊடுருவும் மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. காத்திருப்பு நாளுக்கு மாற்று கிடையாது.

இதைவிட எளிய வழி, காற்று வரும் பக்கமாக இரண்டு வரிசையை வீட்டுக்கென்று ஒதுக்கி, வண்ணத் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றுக்குக் கதிர்ப் பருவத்தில் தெளிக்காமல் விடுவது. தெளிக்கும் ஆள் வேறு ஒருவராக இருந்தால் துணியைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வரிசைகளில் முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவதும், வேம்பு சார்ந்த மருந்தை இளம்பருவத்தில் தெளிப்பதும் வீட்டுத் தேவைக்குப் போதும். பத்தில் இரண்டு கதிரில் புழு நுனியைத் தின்றிருக்கும். நுனி மட்டும் கடிபட்டு, மற்ற மணிகள் சுத்தமாக இருந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். மஞ்சள் பச்சையாகவோ, கறுப்பாகவோ, இளஞ்சிவப்பாகவோ பூஞ்சாணம் பிடித்திருந்தால் முழுக் கதிரையும் தள்ளிவிடுங்கள். பூஞ்சாணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் போன்ற நஞ்சுகள் ஆவியில் வேகவைத்தாலும் அழியாது. அந்தக் கதிரை மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் இறங்கும்.

விதைத்து மிஞ்சிய, சாயம் பூசிய விதையை ஊறவைத்து அரைப்பது பற்றி யாராவது நினைத்தால்கூட வேண்டாம். அது விஷம் பூசிய விதை.

பறித்த அன்றே

விடியற்காலையில் பறிப்பது நல்லது. பறித்த பிறகும் மணி உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஸ்வீட் கார்ன் ஒரே நாளில் தன் சர்க்கரையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடுகிறது. மற்ற ரகங்களிலும் இதே வேலை நடக்கிறது. காலையில் பறித்து மதியத்துக்குள் அடுப்பேற்றுவது வயல் உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் வசதி. பட்டணத்துக்காரருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

தேவையானவை

நடுத்தர அளவுக் கதிர் 10. இதில் மணியும் பாலுமாகச் சுமார் ஒரு கிலோ கிடைக்கும். 12 முதல் 14 பொட்டலம் வரும். நடுத்தர வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் ஒன்றோ இரண்டோ, வெண்ணெய் அல்லது நெய் 75 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. பால் அரை டம்ளர் பக்கத்தில் இருக்கட்டும், தேவைப்பட்டால் மட்டும். எக்வடோர் பக்குவம் வேண்டுமென்றால் பன்னீர் 150 கிராமும் முட்டை ஒன்றும். அங்கே சேர்ப்பது உப்பிட்ட புதுப் பாலாடைக்கட்டி. வீட்டில் எலுமிச்சை விட்டுத் திரித்த பன்னீரில் கொஞ்சம் உப்புப் பிசிறினால் அதற்கு நெருங்கி வரும்.

சிலியில் சேர்க்கும் அல்பஹாக்கா என்ற வாசனை இலை வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சைதான். கதம்பத்தில் கட்டுகிறோமே, விதையைச் சப்ஜா என்று ஊறவைத்துக் குடிக்கிறோமே, அதே செடியினம். துளசி அல்ல, துளசி போட்டால் கசாயம் போல் இருக்கும். நம் ஊர்ச் செடியின் வாசனை சற்றுக் காரமானது என்பதால் ஆறேழு இலை போதும்.

தோலைக் கிழியாமல் எடுப்பது

பலரும் அவசரத்தில் தோலை நுனியிலிருந்து கிழித்துவிடுவார்கள். பிறகு கட்ட எதுவும் இருக்காது. கதிரின் அடியில், காம்புக்கு ஒரு விரல் மேலே, மணி தொடங்கும் இடத்தில் கத்தியால் சுற்றிலும் ஒரு வெட்டு விடுங்கள். அடிப்பிடி விட்டுப்போனால் தோல் ஒவ்வொன்றாக முழுசாகக் கழன்று வரும். வெளியே இருக்கும் மூன்று நான்கு முரட்டுத் தோல்களைத் தனியே வையுங்கள். நடுவில் இருக்கும் அகலமான, மென்மையான தோல்களே கட்டுவதற்கு. உள்ளே கடைசியில் இருக்கும் மெல்லியவற்றை நார் நாராகக் கிழித்தால் கட்டும் கயிறு ஆயிற்று. எல்லாவற்றையும் கழுவி, கட்டும் தோலை மட்டும் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் துணிபோல் வளையும்.

பட்டு இழைகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கொஞ்சம் தங்கிவிட்டால் பாதகமில்லை.

உதிர்ப்பதும் அரைப்பதும்

கதிரை ஒரு தாம்பாளத்தில் நிறுத்திவைத்து, கத்தியால் மேலிருந்து கீழாக மணிகளைச் சீவுங்கள். ஒட்டச் சீவ வேண்டாம். மணியின் முக்கால் பாகம் வந்தால் போதும். பிறகு கத்தியின் முதுகால் தக்கையை அழுத்தி வழித்தால், மீதமிருக்கும் பாலும் முளைக்கருவும் வெளிவரும். இந்த இரண்டாவது வழிப்பைச் செய்யாமல் விட்டால் சுவையில் பாதி தக்கையோடு போய்விடும். கொழுப்புச்சத்து முளைக்கருவில்தான் இருக்கிறது.

ஆண்டிஸ் கிராமங்களில் 'பத்தான்' என்ற அகலமான கல்லில், பிறைபோல் வளைந்த குழவிக் கல்லை இரு பக்கமும் சாய்த்துச் சாய்த்து அரைப்பார்கள். நம் அம்மிக்கு ஒன்றுவிட்ட உறவு. கையால் சுற்றும் இரும்பு ஆலையும் உண்டு. நமக்கு மிக்சி போதும். தண்ணீர் ஊற்றாமல், விட்டு விட்டு, ரவைப் பதம் தாண்டிக் கொஞ்சம் மைய வரும்வரை அரையுங்கள். கிரைண்டரில் போட்டு வெண்ணெயாக அரைத்தால் பொட்டலம் ரப்பர் போல் ஆகும். மணித்தோல் திப்பியாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு சுற்று.

வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் கண்ணாடிபோல் வதக்குங்கள். சிவக்க விட வேண்டாம். மிளகாயையும் திருநீற்றுப்பச்சையையும் கிள்ளிப் போட்டு இறக்கி, ஆறியபின் மாவில் கலக்குங்கள். உப்பு, சர்க்கரை சேருங்கள். பன்னீர், முட்டை சேர்ப்பவர்கள் இப்போது சேர்க்கலாம்.

மாவு இட்லி மாவுக்கும் வடை மாவுக்கும் நடுவே இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நழுவி விழ வேண்டும். கதிர் இளசாக இருந்து மாவு நீர்த்துவிட்டால் அரிசி மாவைக் கொட்டாதீர்கள். சுவை கொழுக்கட்டைக்கு மாறிவிடும். மாவைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து மேலே தெளியும் நீரை வடியுங்கள். அப்போதும் இளகலாக இருந்தால் மக்காச்சோள மாவு இரண்டு கரண்டி சேர்க்கலாம். முற்றிய கதிராக இருந்து மாவு கட்டியாக நின்றால், வைத்திருக்கும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

கட்டுவதும் வேகவைப்பதும்

இரண்டு தோல்களை, அகன்ற அடிப்பகுதிகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று நாலு விரல் படியும்படி எதிரெதிராகப் பரப்புங்கள். வழவழப்பான உட்பக்கம் மேலே இருக்கட்டும். நடுவில் மூன்று மேசைக்கரண்டி மாவு. இரு பக்கத்தையும் மாவின்மேல் மடித்து, இரு நுனிகளையும் உள்ளே மடக்கி, நடுவில் நாரால் கட்டுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், மாவு வேகும்போது உப்பும். கட்டும் கை பழகாதவர்கள் எக்வடோர் முறையைப் பின்பற்றலாம். ஒரே தோலைக் கூம்புபோல் சுருட்டி, கீழ்நுனியை மடக்கி, மாவை ஊற்றி, வாய்ப்பக்கம் திறந்தபடி பாத்திரத்தில் நெருக்கமாக நிறுத்திவிடுவார்கள். கயிறே தேவையில்லை.

இட்லிப் பானை இருந்தால் தட்டை எடுத்துவிடுங்கள். அடியில் உதிர்த்த தக்கைகளை நெருக்கி அடுக்கி, அவற்றின் தலை தெரியுமளவுக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, மேலே கழுவிய முரட்டுத் தோல்களைப் பரப்பினால் அதுவே தட்டு. தக்கையிலிருந்து எழும் வாசம் ஆவியோடு ஏறும். கதிர்ப்பருவத்தில் மருந்து பட்ட வயல் என்றால் முரட்டுத் தோலை விட்டுவிட்டு இட்லித் தட்டையே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு பொட்டலங்களை அடுக்கி, மேலே இன்னொரு அடுக்குத் தோலோ ஈரத்துணியோ போட்டு மூடுங்கள். மூடியில் சேரும் நீர் பொட்டலத்தில் சொட்டாமல் அது தடுக்கும்.

நடுத்தரத் தீயில் 45 நிமிடம். மக்காச்சோள மாவுச்சத்து 62 முதல் 72 டிகிரிக்குள் இறுகிவிடும் என்றாலும், பொட்டலத்தின் நடுவரை வெப்பம் ஏறவும் மணித்தோல் மென்மையாகவும் இந்த நேரம் வேண்டும். இடையில் தண்ணீர் வற்றிவிடுமே என்று திறந்து திறந்து பார்க்கத் தோன்றும். மெக்சிகோப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பானையின் அடியில், தண்ணீருக்குள் ஒரு நாணயத்தைப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். நன்றாகக் கழுவிய நாணயமாக இருக்கட்டும். ஊற்றுவது கொதிக்கும் நீராக இருக்க வேண்டும்.

பச்சைத் தோல் வைக்கோல் நிறத்துக்கு மாறியதும் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். தோலில் ஒட்டாமல் மாவு தனியே வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். இறக்கியதும் பிரித்தால் குழைவாக இருக்கும். கால் மணி நேரம் மூடியே வைத்தால் கத்தியால் வெட்டுமளவுக்கு இறுகும். ஸ்வீட் கார்னிலும் மிக இளங்கதிரிலும் இந்தக் கால் மணி நேரம் கழிந்தும் இறுகாது.

தக்காளியையும் வெங்காயத்தையும் மெல்ல அரிந்து, உப்பும் எண்ணெயும் விட்டுப் பிசிறிய பச்சடி சிலிக்காரர்களின் துணை. நம் காரச் சட்னியும் ஒத்துப்போகும், நான் மறுக்க மாட்டேன். இனிப்பாக வேண்டுவோர் வெங்காயம், மிளகாய், இலையை விட்டுவிட்டு, சர்க்கரை 100 கிராம், பால் அரை டம்ளர், கொஞ்சம் ஏலக்காய் சேர்த்தால் உச்சேப்போவுக்கும் பமோன்யாவுக்கும் பக்கத்தில் வரும். பாலைச் சேர்ப்பதால் மாவு சற்று இளகும். அதற்கென்று ஓரிரு நாள் கூடுதலாக முற்றிய கதிரை எடுங்கள். ஏலக்காய் நம் சேர்க்கை, அங்கே கிடையாது.

நம் வெயிலில் ஈரமான இந்தப் பண்டத்தை இரவு முழுதும் வெளியே வைக்கக் கூடாது. அன்றே சாப்பிடுங்கள்; ஃபிரிட்ஜில் தோலோடு வைத்தால் இரண்டு நாள். மறுநாள் தோலோடு தோசைக்கல்லில் போட்டு, தோல் அங்கங்கே கருகும்வரை புரட்டி எடுத்தால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

சத்துக் கணக்கும் செலவுக் கணக்கும்

மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. இதை மட்டுமே உண்டு வாழ்வது சரியல்ல. பாலாடைக்கட்டியும் பாலும் முட்டையும் அந்தக் குறையை நிரப்புகின்றன. ஆண்டிஸ் வீடுகளில் இவற்றைச் சேர்ப்பது சுவைக்காக இருந்தாலும் பலன் அதுதான். பன்னீர் சேர்க்காதவர்கள் அந்த வேளையில் ஒரு கிண்ணம் சுண்டலோ பருப்போ உடன் வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சோறு, இட்லிக்குப் பதிலாகக் கணக்கிட வேண்டும். அவற்றோடு கூடுதலாக அல்ல.

இனி வயல் கணக்கு. 60 செ.மீ. வரிசைக்கும் 25 செ.மீ. செடிக்கும் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி. ஏக்கருக்கு மூன்று டன் விளைகிறது என்றால் ஒரு செடிக்கு 110 கிராம் காய்ந்த மணி. நீங்கள் வீட்டுக்குப் பறிக்கும் பத்துக் கதிரின் மதிப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 2025-26 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்ப்படி பார்த்தால் 27 ரூபாய். மானாவாரியில் விளைச்சல் குறைவு என்பதால் பத்துக் கதிரின் மதிப்பு இதைவிடவும் குறையும். நான்கு பேர் வயிறாரச் சாப்பிடும் ஒருவேளை உணவின் முக்கியப் பொருளுக்கு இதுதான் செலவு.

கதிர் பறித்த செடி இன்னும் பச்சையாக நிற்கும். அன்றைக்கோ மறுநாளோ அறுத்து நறுக்கி மாட்டுக்குப் போட்டால் நல்ல தீவனம். மணி முற்றி அறுத்த காய்ந்த தட்டையைவிட மாடு விரும்பித் தின்னும். உரித்த தோலும் வழித்த தக்கையும் அப்படியே. தக்கையைத் துண்டாக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கும். மருந்துக்குச் சொன்ன காத்திருப்பு நாள் மாட்டுக்கும் பொருந்தும். வேகவைத்த பொட்டலத்தின் தோலையும் மாட்டுக்குப் போடலாம். சணலோ நூலோ கொண்டு கட்டியிருந்தால் அதை அவிழ்த்துவிட்டுப் போடுங்கள்.